புதுக் கணினியின் முதல் வாரம்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் எழுதுவது

வீட்டுக்கென்று வாங்கிய மேசைக்கணினி ஒன்றைச் சில ஆண்டுகளாகக் குடும்பமே பயன்படுத்திவருகிறது. விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தரவு தங்கும் தற்காலிக நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமித்துவைக்கும் வேகமான வட்டு). தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எழுத்து வேலை, பிள்ளைகளின் பாடம், வீட்டுக் கணக்கு, புகைப்படங்கள், இவ்வளவுதான் அதற்கு வேலை. இன்றும் பொத்தானை அழுத்திய சில நொடிகளில் திரை தயாராகிவிடுகிறது. இதற்குப் பாதிக் காரணம் எஸ்எஸ்டி. மறுபாதி, பெட்டியைப் பிரித்த வாரத்தில் பொறுமையாகச் செய்த வேலைகள். எந்த ப்ராசஸர் வாங்கலாம் என்று நாள்கணக்கில் ஆராய்பவர்கள்கூட, வாங்கிய பின் வரும் அந்த ஒரு வாரத்தைப் பற்றி யோசிப்பதில்லை.

முதல் நாள் முழுவதும் அப்டேட்டுக்கே போனது. போகட்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் ஏறிய பிறகு பழைய கோப்புகளைக் கொண்டுவருவதே நல்லது. அடுத்து, தயாரிப்பு நிறுவனம் நிரப்பி அனுப்பியிருந்த மென்பொருள்களை நீக்கினேன். அதில் சில நாள் இலவசமாக ஓடிவிட்டுப் பிறகு பணம் கேட்கும் ஆன்டிவைரஸும் ஒன்று. அதை நீக்கியதும் விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொண்டது; வீட்டுப் பயன்பாட்டுக்கு இன்றுவரை அதுவே போதுமானதாக இருக்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதன் ஸ்டார்ட்அப் பகுதியில், கணினியோடு சேர்ந்து தாமும் எழுந்துகொள்ளும் செயலிகளின் பட்டியல் இருக்கிறது. தேவையற்றவற்றை அங்கே நிறுத்திவிடலாம். இப்போதும் அவ்வப்போது அதைப் பார்க்கிறேன். புதிதாக நிறுவும் ஒவ்வொரு செயலியும் அந்தப் பட்டியலில் இடம் பிடிக்கப் பார்க்கிறது.

512 ஜிபி என்று வாங்கியது திரையில் ஏறத்தாழ 476 ஜிபி என்றே தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் கணக்கிடுகிறது.

எல்லோரும் அவசியம் கவனிக்க வேண்டியது வேறொன்று. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக உள்நுழைந்ததும் வட்டிலுள்ள தரவு அனைத்தும் தானாகவே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்படுகிறது, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. கணினி திருடுபோனாலும் கோப்புகள் பிறர் கைக்குப் போகாது என்பதால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பயாஸை (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்தாலோ, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டை மாற்றினாலோ, 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கணினி கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் புகைப்படங்களை யாராலும் மீட்டுத்தர முடியாது. அந்தக் குறியீடு அதே மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். அமைப்புகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, குறியீட்டைத் தாளில் எழுதி வீட்டின் முக்கிய ஆவணங்களோடு வையுங்கள். கணக்கைத் தொடங்கிய மின்னஞ்சல் முகவரியையும் குறித்துவையுங்கள். வேறொருவர் கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருந்தால், குறியீடும் அவரிடம்தான் இருக்கும்.

பிள்ளைகளுக்குத் தனியாகச் சாதாரணப் பயனர் கணக்கு கொடுத்தேன். நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல் கணினி முழுவதையும் பாதிக்கும் எதையும் அவர்களால் நிறுவ முடியாது. இதனால் தவிர்ந்த தொல்லைகள் ஏராளம்.

தமிழில் எழுதுவதற்கு இப்போது எதையும் தேடிப் பதிவிறக்க வேண்டியதில்லை. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகையும் அதிலேயே கிடைக்கிறது. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழியை மாற்றிக்கொள்ளலாம். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்த தமிழ் 99 முறைக்குக் கை பழகிவிட்டால், மனத்தில் தமிழாக வரும் சொல் தமிழாகவே விரலுக்கு இறங்குகிறது. புதுக் கணினியோடு புதுப் பழக்கமாக இதைத் தொடங்குங்கள். நீண்ட கட்டுரை எழுதும்போது அருமை தெரியும்.

நாளாக ஆக 8 ஜிபி ரேம் பற்றாக்குறையானது. உலாவியில் பல பக்கங்களும் ஒரு காணொலி வகுப்பும் ஒன்றாக ஓடினால் கணினி திணறியது. மதர்போர்டில் இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்ததால் இன்னொரு 8 ஜிபி சேர்த்தேன். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படம் காட்டும் வேலைக்கும் இதே ரேம்தான் பயன்படுகிறது; ஒன்றுக்கு இரண்டாகப் பொருத்தினால் இரு தடங்களில் தரவு போய்வருவதால் அந்த வேலையும் சீராகிறது. மடிக்கணினி வாங்குபவர்கள் ரேம் போர்டோடு ஒட்டப்பட்டிருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஒட்டப்பட்டிருந்தால் பிறகு கூட்ட வழியில்லை.

பேக்கப்புக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறேன். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் இலவசமாகத் தருவது 5 ஜிபி. ஆவணங்களுக்கு அது போதும், குடும்பப் புகைப்படங்களுக்குப் போதாது. நகல் எடுத்து முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றிவிடுகிறேன். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் உள்ளே வந்தால், இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். எப்போதாவது அந்த நகலிலிருந்து ஒரு படத்தையும் ஓர் ஆவணத்தையும் திறந்து பார்த்து, இரண்டும் சரியாக இருந்தால் மறுபடி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.