பெய்லி பாலம்: ஆறு பேர் தூக்கும் பேனல், டாங்கி தாங்கும் பாலம்

பின்வாங்கும் படை பாலத்தைத் தகர்த்துவிட்டுத்தான் போகும். துரத்தி வரும் டாங்கிகள் ஆற்றங்கரையில் முடங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் இந்தச் சிக்கலைத் தீர்க்க பிரிட்டிஷ் பொறியாளர் டொனால்ட் பெய்லி வடிவமைத்த பாலம், 1942 நவம்பரில் துனீசியாவில் முதன்முதலாகப் போர்முனைக்கு வந்தது. இன்றும் இதை வெல்ல ஆளில்லை என்பேன்.

காரணம் பேனல், அதாவது பாலத்தின் பக்கங்களாகக் கோக்கப்படும் எஃகுச் சட்டம். நீளம் 10 அடி, உயரம் 5 அடி, எடை சுமார் 259 கிலோ. ஆறு பேர் தூக்கிவிடலாம், கிரேன் வேண்டாம். பாரம் கூடினால் பக்கவாட்டில் இரண்டு, மூன்று வரிசை சேர்க்கலாம். மேலே இன்னோர் அடுக்கும் ஏற்றலாம். எல்லாவற்றுக்கும் அதே பேனல்தான்.

எதிர்க்கரையில் ஒருவர்கூட இல்லாமல் இதைக் கட்ட முடிவது பெரிய வசதி. இந்தக் கரையில் உருளைகள்மேல் கோத்து முன்னால் தள்ள வேண்டும். முன்பகுதியான 'நோஸ்' தளம் போடாத வெறும் கூடு. அது அக்கரை உருளையைத் தொடும்வரை மொத்தப் பாலத்தின் எடைமையம் இக்கரை உருளைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். தவறினால் பாலம் ஆற்றில் குப்புற விழும். அந்தரத்தில் நோஸ் தொங்கும் என்பதால், இடையில் லாஞ்சிங் லிங்க் என்ற இணைப்புத் துண்டு கொடுத்து நுனியை முன்கூட்டியே உயர்த்துவார்கள். கரை சேர்ந்ததும் நோஸைக் கழற்றி, ஜாக்கியால் பாலத்தை இறக்கி, தளம் போட வேண்டியதுதான்.

பேனல்களை ஒன்றோடொன்று இணைக்கும் 'பேனல் பின்' என்ற ஆணியில் கவனம் தேவை. அதன் தலையில் உள்ள பள்ளக்கோடு கிடைமட்டமாக இருக்கும்படி செருக வேண்டும். திரும்பியிருந்தால் பேனலின் விளிம்பு மறித்து, அது கழன்றுவிடாமல் நுனியில் மாட்டும் சேஃப்டி பின் உள்ளே போகாது. வண்டிகளின் அதிர்வில் டிரான்சம் (தளத்தைத் தாங்கும் குறுக்கு உத்தரம்) கிளாம்ப்களும் போல்ட்டுகளும் தளரும். அடிக்கடி முறுக்கியே ஆக வேண்டும்.

2024இல் வயநாடு நிலச்சரிவின்போது ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் சூரல்மலையில் 190 அடிக்கு இதைத்தான் போட்டார்கள். மீட்பு வண்டிகள் அதன்மேல்தான் அக்கரை போயின.

நிரந்தரப் பாலமாக மட்டும் இதை நம்பக் கூடாது. வருடக்கணக்கில் ஓடினால் பேனல் பின் செருகும் துளைகள் தேய்ந்து நடுப்பகுதி தொய்யும். அதிக பாரத்தை மன்னிக்கவே மன்னிக்காது: 2020 ஜூனில் உத்தராகண்டின் முன்சியாரி அருகே, மண்வாரி இயந்திரத்தை ஏற்றிவந்த லாரியோடு ஒரு பெய்லி பாலம் இடிந்து விழுந்தது. இரு முனையிலும் எடை வரம்புப் பலகை வைத்து, வண்டியின் எடையைக் கேட்டு, வரம்பை மீறினால் தடுக்க ஓர் ஆளையும் நிறுத்துங்கள்.