அம்மாவின் மாத்திரையும் என் கார்டும்

இந்தத் தடவை சிங்கப்பூரில் இருந்து ஊருக்கு வந்த பத்து நாளில் இரண்டு நாள் பாளையங்கோட்டை மருந்துக்கடைகளுக்கே போச்சு. அம்மாவுக்கு பிரஷர், சுகர் மாத்திரை மாசாமாசம் வீட்டுக்கு வரணும். துட்டு என் என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்கு) டெபிட் கார்டில் இருந்து போகணும். இவ்வளவுதான் சோலி.

முதல் கடையில் அண்ணாச்சி சிரித்த முகமாக, "அதுக்கென்ன, கார்ட குடுங்க" என்று வாங்கி, நீள நோட்டில் பதினாறு நம்பரையும் எழுதினார். கார்டைத் திருப்பி அந்த மூணு இலக்கத்தையும் எழுதப் போனபோது எனக்குத் திக்கென்றது. அதே பக்கத்தில் இன்னும் ஐந்தாறு பேருடைய கார்டு நம்பர். மனுசன் தங்கம்தான், ஆனால் நோட்டு மேஜையில் விரிந்து கிடக்கே! சிவிவி என்கிற அந்த மூணு இலக்கத்தை எந்தக் கடையும் வைத்துக்கொள்ளவே கூடாது. கார்டு நம்பரையும் 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர் சேமிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. என் வரியை மட்டும் அடித்து அடித்துக் கறுப்பாக்கிக் கொடுத்தார், முகம் வாடித்தான்.

வண்ணார்பேட்டையில் இன்னொரு கடை. கவுன்டரில் இருந்த பிள்ளை போனுக்கு ஒரு லிங்க் அனுப்பியது. சம்மதக் கட்டம் காலியாக இருந்தது. டிக் நாமளே போடணும். மாசத்துக்கு அதிகபட்சம் 4,000 ரூபாய் என்று போட்டேன். ஓடிபி சிங்கப்பூர் நம்பருக்கு வந்து சேர்வதற்குள் முதல் லிங்க் காலாவதி. மறுபடி முதலில் இருந்து. முடிந்ததும் திரையில் கடைசி நாலு எண் மட்டும். கடையில் இருப்பது டோக்கன், அதாவது கார்டு நம்பருக்குப் பதிலாக அந்தக் கடைக்கென்றே கொடுத்த மாற்று எண். அதைத் திருடினாலும் வேறு கடையில் செல்லாது.

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏ ஐயா, நீ அங்கிட்டு போனதும் அவம் இஷ்டத்துக்கு எடுத்துட மாட்டானால?"

"நாலாயிரத்துக்கு மேல போகாதும்மா. எடுக்கதுக்கு ஒருநா முந்தியே பேங்க்ல இருந்து மெசேஜ் வரும்."

15,000 ரூபாய் வரை மாசாமாசம் ஓடிபி வேண்டாம். 24 மணி நேரம் முன்னால் தகவல் மட்டும் கட்டாயம். பிடித்தத்தை நிறுத்தும் இடத்தையும் அந்தப் பிள்ளையே காட்டியது. அதற்கும் ஓடிபி உண்டு, கடுப்புதான்.

திரும்பி வந்த மூணாம் வாரம், ரயிலில் நிற்கும்போது மெசேஜ்: நாளை 2,860 ரூபாய். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஒரு மாத்திரைய டாக்டரு நிறுத்திட்டாருல்லா, கடையில சொல்ல மறந்துட்டேன்."

அந்த மாசத்துப் பிடித்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, கடைக்குப் போன் போட்டேன்.