"இல்ல"ன்னு சொன்னா நம்பலாமா? ஆட்டோகான்ஃப், சிமேக், மெசான் மூணையும் ஓட்டிப் பாத்தாச்சு

படத்தோட சைஸ சுருக்குற ஒரு சின்ன ப்ரோக்ராம், சியும் கொஞ்சம் சி ப்ளஸ் ப்ளஸ்ஸும் கலந்தது, அத லினக்ஸ், மேக், விண்டோஸ், அப்புறம் ஏஆர்எம் ப்ராசஸர் வச்ச ஒரு குட்டி போர்டு நாலுலயும் பில்டு ஆக, அதாவது கோடு ஓடுற ப்ரோக்ராமா மாற, வைக்கணும்னு உக்காந்தேன். கோடு எழுதுன நேரத்த விட, இந்த மெஷின்ல என்ன கம்பைலர் (கோட மெஷின் மொழிக்கு மாத்துறது) இருக்கு எந்த லைப்ரரி இருக்குன்னு கண்டுபிடிக்க வைக்கத்தான் ராத்திரி ராத்திரியா போச்சு. இத கண்டுபிடிச்சு சொல்றதுக்குன்னே ஆட்டோகான்ஃப், சிமேக், மெசான்னு டூல் இருக்கு, கடைசில வீம்புக்கு மூணு டூலுக்கும் பில்டு ஃபைல் எழுதி ஓட்டிப் பாத்துட்டேன். வேகம் எப்படி, எழுத ஈசியா இதெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் பாத்தது ஒண்ணே ஒண்ணுதான்: "இல்ல"ன்னு சொல்லும்போது நெசமாவே இல்லயா, இல்ல தேடுன விதமே தப்பா, அத எனக்கு காட்டிக்குடுக்குதா?

இது ஏன் முக்கியம்னா, மூணுமே உள்ளுக்குள்ள செய்யுறது ஒரே வேலைதான். பத்து வரி குட்டி ப்ரோக்ராம் ஒண்ண எழுதி கம்பைல் பண்ணி, லைப்ரரியோட சேத்து லிங்க் பண்ணிப் பாக்கும், ஆச்சுன்னா "இருக்கு", ஆகலன்னா "இல்ல". ஆகாததுக்கு காரணம் லைப்ரரி இல்லாததா, கம்பைலருக்கு குடுத்த ஃப்ளாக் (ஆப்ஷன்) தப்பா, அந்த குட்டி ப்ரோக்ராம்லயே எழுத்துப்பிழையா, அதுக்கு கவலையே இல்ல, எல்லாம் ஒரே "இல்ல"தான்.

மொதல்ல ஆட்டோகான்ஃப். 1991ல டேவிட் மெக்கென்ஸி ஆரம்பிச்சது. ஓஎஸ் பேர கேக்காத, ஃபங்ஷன் இருக்கான்னு கேளுங்கற யோசன இன்னிக்கும் சரிதான், மத்த ரெண்டும் அதத்தான் பண்ணுது. எம்4ங்கற பழைய மேக்ரோ மொழில எழுதுறது மட்டும் தண்டனை, ஒரு சதுர அடைப்பு விட்டுப்போனா எங்க போச்சுன்னே தெரியாது. ஆனா நம்மகிட்ட இருந்து டார்பால் (சோர்ஸ் கோடு மூட்டை) வாங்குறவன் மெஷின்ல ஒரு ஷெல், மேக்குன்னு (make) ஒரு பில்டு டூல், ஒரு கம்பைலர் போதும், ஆட்டோகான்ஃப் உருவாக்குன கான்ஃபிகர் ஸ்க்ரிப்ட் உள்ளேயே இருக்கும், ஆட்டோகான்ஃபே வேணாம், அது பெரிய விஷயம்.

என் கதைக்கு வர்றேன். வார்னிங் எல்லாத்தையும் எரரா மாத்துற ஃப்ளாக்க நானே சிஃப்ளாக்ஸ்ல (சி கம்பைலருக்கு போற ஆப்ஷன் லிஸ்ட்) போட்டுட்டு கான்ஃபிகர் ஓட்டினேன், சி மொழியோட அடிப்படை ஃபங்ஷனான மெம்செட் இல்லன்னு சொல்லுது! மெம்செட் இல்லாத மெஷினாம், கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிற கதைதான். விஷயம் என்னன்னா அந்த குட்டி ப்ரோக்ராம்ல ஃபங்ஷன ஒப்புக்கு ஒரு பொய்யான டிக்ளரேஷனோட (ஃபங்ஷன் எப்படிப்பட்டதுன்னு சொல்ற அறிவிப்பு) போட்டு லிங்க் ஆகுதான்னு மட்டும் பாக்குறாங்க, கம்பைலருக்கு மெம்செட் ஏற்கனவே தெரியும்கிறதால டைப் ஒத்துப்போகலன்னு ஒரு வார்னிங் வரும், நான்தான் வார்னிங்க எரர் ஆக்கிட்டேனே. தப்பு என்னோடதுதான். ஆனா கான்ஃபிகர் எழுதி வைக்கிற கான்ஃபிக் லாக் ஃபைல தெறந்தா ஃபெயிலான ப்ரோக்ராம், கம்பைலர் திட்டுனது எல்லாம் முழுசா இருக்கு, அஞ்சு நிமிஷத்துல புடிச்சுட்டேன். இதுக்காகவே முழு மார்க்.

சிமேக். விண்டோஸ்ல விஷுவல் ஸ்டூடியோவோட வேல செய்யணும்னா இதுதான் நிம்மதி, நிறைய லைப்ரரிங்க கூடவே இதுக்கு ஃபைல் குடுத்தே அனுப்புறாங்க. எனக்கு புடிக்காதது கேஷ், அதாவது பழைய பதில சேத்து வைக்கிற பழக்கம். கம்பைல் பண்ணி பாக்குற செக் ஒருதடவ "இல்ல"ன்னு முடிவு பண்ணிட்டா அத எழுதி வச்சுக்கும், அப்புறம் நீங்க பேக்கேஜ போட்டு திரும்ப ஓட்டுனாலும் மறுபடி கேக்காது, பழைய பதிலேதான். சிமேக் 3.24ல இருந்து எல்லாத்தையும் புதுசா கேக்க ஃப்ரெஷ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுக்கு முன்னாடின்னா கேஷ் ஃபைலயோ பில்டு ஃபோல்டரயோ அழிச்சாகணும். இன்னொரு குசும்பு, சி ப்ளஸ் ப்ளஸ் 20 ஸ்டாண்டர்டு (மொழியோட 2020 பதிப்பு) வேணும்னு கேட்டுட்டு "கண்டிப்பா வேணும்"ங்கறத தனியா சொல்லலன்னா, கம்பைலருக்கு அது தெரியாதப்ப சத்தமே இல்லாம பழைய ஸ்டாண்டர்டுக்கு எறங்கிடும்.

ஃபைல சுருக்குற எக்ஸ்இசட்ங்கற டூல்ல யாரோ திருட்டுக் கதவு வச்சது 2024 மார்ச்ல வெளிய வந்துச்சே, அந்த விவகாரத்துலயும் இதே ஓட்டையதான் யூஸ் பண்ணாங்க. அந்த திருட்டுக் கதவு (பேக்டோர்) ஒரு பக்கம், இன்னொரு பக்கம் எக்ஸ்இசட்டோட சிமேக் ஃபைல்ல லேண்ட்லாக்ங்கற லினக்ஸ் பாதுகாப்பு வசதி இருக்கான்னு பாக்குற குட்டி ப்ரோக்ராமுக்குள்ள ஒரே ஒரு புள்ளிய வச்சிருந்தாங்க. எந்த மெஷின்லயும் கம்பைல் ஆகாது, அதனால எப்பவும் "இல்ல", பாதுகாப்பு தானா ஆஃப், பில்டு மட்டும் ஜம்முனு முடியும். சிமேக்க குத்தம் சொல்ல முடியாது, ஆட்டோகான்ஃப்லயும் இத செய்யலாம். ஆனா அதப் படிச்சதுல இருந்து எரரே இல்லாம பச்சை காட்டுற பில்டு மேலயும் எனக்கு சந்தேகம்தான்.

மெசான் எனக்கு ரொம்ப புடிச்சுப்போச்சு. டிபென்டன்சி (நம்ம ப்ரோக்ராமுக்கு தேவைப்படுற லைப்ரரி) ஒண்ணு கேட்டு அது கெடைக்கலன்னா, அது கட்டாயமில்லன்னு நாம சொன்னாலொழிய அங்கேயே நின்னுடும், கம்முனு தாண்டிப் போகாது. ஒரு மெஷின்ல உக்காந்து வேற வகை மெஷினுக்கு பில்டு பண்ற க்ராஸ் கம்பைல்லதான் நெஜ வித்தியாசம் தெரிஞ்சுது. இதுக்கு முன்னாடி ஏஆர்எம் பில்டுல, லைப்ரரி எங்க இருக்குன்னு சொல்ற பிகேஜி கான்ஃபிக்ங்கற டூல் என் லேப்டாப்போட லைப்ரரி பாதைய எடுத்துக் குடுத்துடுச்சு, செக்கெல்லாம் "இருக்கு இருக்கு"ன்னு ஓடி கடைசில லிங்கர்தான் ஃபார்மட்டே தப்புன்னு கத்துச்சு. மெசான்ல பில்டு பண்ற மெஷின் வேற, ஓடப்போற மெஷின் வேறன்னு ஆரம்பத்துல இருந்தே பிரிச்சு வச்சிருக்கு, க்ராஸ் ஃபைல்ல எல்லாத்தையும் சொல்லிடலாம். கொற என்னன்னா பைத்தான் வேணும், பெரும்பாலும் பில்ட ஓட்டுற நிஞ்சாங்கற டூலும் வேணும், ரொம்ப பழைய மெஷின்னா திண்டாட்டம்.

"இருக்கு"ங்கறதும் சில நேரம் பொய்தான், அது மூணுலயும் நடக்கும். ஜிசிசிங்கற கம்பைலரோட 8வது வெர்ஷன்ல சி ப்ளஸ் ப்ளஸ்ஸோட ஃபைல்சிஸ்டம் ஹெடர் (ஃபங்ஷன் டிக்ளரேஷன் எல்லாம் இருக்குற ஃபைல்) இருக்கும், கம்பைலும் ஆகும், ஆனா லிங்க் பண்ண தனியா ஒரு லைப்ரரி சேக்கணும், ஜிசிசி 9ல இருந்து அது தேவையில்ல. ஹெடர் இருக்கான்னு மட்டும் செக் வச்சிருந்த நான் நல்லா மாட்டுனேன். லிங்க் வரைக்கும் போய்ப் பாக்குற செக்க எழுதுங்க.

புதுசா ஆரம்பிக்கிறீங்கன்னா மெசான், விண்டோஸ் ஆளுங்க அதிகம்னா சிமேக். ஆட்டோகான்ஃப்ல ஓடிக்கிட்டு இருக்கறத மாத்த வேணாம், ஆனா புது வெர்ஷன வச்சு கான்ஃபிகர மறுபடி உருவாக்கிக்குங்க. ஏன்னா கிளாங்ங்கற இன்னொரு கம்பைலரோட 16லயும் ஜிசிசி 14லயும் டிக்ளர் பண்ணாத ஃபங்ஷன கூப்பிட்டா எரர், முன்னாடி வார்னிங்தான், அதனால ஹெடர் சேக்காம அசால்ட்டா எழுதுன பழைய செக்கெல்லாம் இப்ப "இல்ல"ன்னு சொல்லும். நான் ஜிசிசி மாத்துனப்ப எது எது இருக்குன்னு கான்ஃபிகர் எழுதித் தர்ற கான்ஃபிக் ஹெடர், அதுல பழசையும் புதுசையும் ஒப்பிட்டு டிஃப் போட்டுப் பாத்தேன், 3 வரி காணோம். மூணு ஃபங்ஷனுமே அந்த மெஷின்ல குத்துக்கல்லாட்டம் இருந்துச்சு.