ரெஜியா பேர்ஃபெக்ட் சாக்ஸ் நூல்: டிசைன நூலே போட்டுக்கும், நீங்க அடக்கி வாசிங்க

தானா கோடு விழற நூல்ல சாக்ஸ் பின்றவங்களுக்கு பெரிய தலைவலியே ரெண்டு காலும் ஒரே மாதிரி வராததுதான், ஒண்ணு நீலத்துல ஆரம்பிக்கும் இன்னொண்ணு பச்சையில ஆரம்பிக்கும், அதே இடத்த தேடி நூல உருவிகிட்டே உக்காந்திருக்கணும். இதுக்குன்னே ஜெர்மன் பிராண்டு ரெஜியா விட்டிருக்கறதுதான் பேர்ஃபெக்ட் (Pairfect). உருண்டையோட ஆரம்பத்துல கொஞ்சம் மஞ்சள் நூல் வரும், அது முடியற இடத்துல இருந்து கண்ணி ஏத்தணும், மொத சாக்ஸ் முடிஞ்சதும் அடுத்த மஞ்சள் வர்ற வரைக்கும் உருவிட்டு அங்கேர்ந்து ரெண்டாவது. அவ்ளோதான், ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு போல வரும், ஆனா ரெண்டுத்துக்கும் கண்ணி எண்ணிக்கையும் ஊசி சைஸும் கை இறுக்கமும் ஒண்ணா இருக்கணும், அது நம்ம பொறுப்பு. நார்வேல இருக்கற பின்னல் டிசைனர்கள் ஆர்னே, கார்லோஸ் ஜோடி டிசைன் பண்ணின கலர் செட் இதுல வந்திருக்கு, அந்த நார்வே ஸ்டைல் கலர் எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு.

100 கிராம் உருண்டை, 420 மீட்டர், 75% கம்பளி 25% பாலிஅமைடு, அதாவது நைலான். அந்த 25 இல்லன்னா குதிகால் சீக்கிரமே தேஞ்சு ஓட்டை விழும், அதனால வெறும் கம்பளிதான் உசத்தின்னு யாராவது சொன்னா சாக்ஸுக்கு மட்டும் நம்பாதீங்க. மெஷின்ல 40 டிகிரில போடலாம். விலை நம்ம சாதா உல்லன் நூலோட பாத்தா பகீர்னுதான் இருக்கும்.

இப்ப மேட்டருக்கு வரேன். இந்த நூல வாங்கிட்டு கேபிள் (முறுக்கு டிசைன்), லேஸ் (ஓட்டை ஓட்டையா வர்ற டிசைன்)னு இறங்குனா உழைப்பு மொத்தமும் வேஸ்ட், கலர் ஓடற ஓட்டத்துல ஒரு முறுக்கும் ஓட்டையும் கண்ணுக்கு தெரியாது, பட்டுப்புடவை ஜரிகை மேல கோலம் போட்ட கதைதான். எடுபடறது ஜிக்ஜாக்: ஒரு இடத்துல கண்ணி கூட்டி, கொஞ்சம் தள்ளி அதே அளவு குறைச்சுகிட்டே போனா கோடு நேரா போகாம ஏறி எறங்கி வரும், பாக்கறவங்க நீங்க நாலஞ்சு கலர் நூல மாத்தி மாத்தி பின்னினதா நெனச்சுப்பாங்க. என்ன, ஜிக்ஜாக் துணி அவ்வளவா இழுபடாது, குதிகால் தாண்டி ஏறவே அடம் புடிக்கும், அதனால கொஞ்சம் கண்ணி சேர்த்து போடுங்க இல்ல ஊசிய ஒரு சைஸ் ஏத்துங்க. அடுத்தது கண்ணிய பின்னாம அப்படியே அடுத்த ஊசிக்கு தள்ளற டிசைன், பழைய கலர் புது கலருக்குள்ள ஏறி நிக்கும், அழகு. பர்ல் (முன்பக்கம் மேடு மேடா தெரியற கண்ணி) மட்டும் பாத்து போடுங்க, கலர் மாறுற வரிசைல பர்ல் வந்தா முந்தின கலர் புள்ளி புள்ளியா எட்டிப் பாக்கும், கோடு வெட்டு வெட்டா தெரியும். சிலருக்கு அதுவே புடிக்கும், எனக்கு புடிக்காது.

குதிகால்தான் எல்லா கோடு நூல்லயும் வில்லன். பாதி கண்ணில மட்டும் போய் வந்து பின்றோம்ல, அங்க கோடு ஏறக்குறைய டபுள் தடிமனாயிடும், அப்புறம் பக்கவாட்டுல கண்ணி எடுத்ததும் எண்ணிக்கை ஏறி கோடு ஒல்லியாயிடும். அது உறுத்துதுன்னா குதிகால் இடத்துல வேற ஒரு துண்டு நூல ஓட்டி வெச்சுட்டு விரல் வரைக்கும் பின்னி முடிச்சுடுங்க, அப்புறம் அந்த துண்ட உருவிட்டு ஒரே கலர்ல குதிகால் போடுங்க. மேல கோடு எங்கயும் அறுபடாது.

இதுக்கு முன்னாடி வேற ஒரு கம்பெனி நூல் ஆன்லைன்ல வாங்கினேன், பேரு வேணாம், நடுவுல முடிச்சு, முடிச்சுக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுக்கு பதிலா சாம்பல் கலர்ல தொடங்குது, கேட்டா முடிச்சு வர்றது சகஜம் மேடம்ங்கறாங்க. அதனால எந்த பிராண்டா இருந்தாலும் பின்ன ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி மொத்தத்தையும் வேற உருண்டையா சுத்தி பாத்துடுங்க, ரிட்டர்ன் தேதி தாண்டறதுக்குள்ள.