மன்னாரின் காற்று, கடலடி வாயு, இல்மனைட் மணல்: மூன்றில் எது?

கொழும்பில் மன்னாரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் மூன்று கட்சி உண்டு. காற்றை விற்றாலே நாட்டின் கடன் பாதி அடையும் என்பது முதல் கட்சி. கடலுக்கடியில் எரிவாயு கிடக்கிறது, அதை எடுக்க விடாமல் யாரோ தடுக்கிறார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது கட்சி கொஞ்சம் சத்தமில்லாதது. ஏற்றுமதி வியாபாரத்தில் இருக்கும் ஆட்கள், மன்னார் தீவின் மணலில் உள்ள இல்மனைட் என்ற டைட்டேனியம் கனிமத்தைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். மூன்று வளமும் ஒரே மாவட்டத்தில் கிடப்பதால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். அது முடியாது. மணலை அள்ளிய இடத்தில் காற்றாடி நிற்காது, காற்றாடி நிற்கும் கரையில் கரைவலை இழுப்பது கஷ்டம். எதையாவது தேர்ந்துதான் ஆகவேண்டும்.

எரிவாயுவை முதலில் முடித்துவிடலாம். 1970களிலேயே சோவியத் உதவியோடு மன்னார் தீவின் பேசாலையில் துளையிட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. 2011-இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னார் படுகையில் டொராடோ, பரகூடா என்று இரண்டு இடங்களில் வாயு இருப்பதைக் கண்டுபிடித்தபோது கொழும்புப் பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு தோண்டிய கிணறுகள் ஏமாற்றின. 2014-இல் உலக எண்ணெய் விலை விழுந்தது, 2015-இல் கம்பனி மூட்டை கட்டிவிட்டது. யாருடைய சதியும் இல்லை. வாயு கிடப்பது ஆயிரம் மீற்றருக்கும் ஆழமான கடலில். கண்டுபிடித்த அளவு அந்தச் செலவைத் தாங்காது. கரைக்குக் கொண்டுவந்தாலும் வாங்க ஆள் இல்லை. கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் யுகதனவி நிலையம் வாயுவுக்கு மாறக்கூடியதாகவே கட்டப்பட்டது. 2010 முதல் அது எண்ணெயைத்தான் எரிக்கிறது. வாயுவுக்காக நிலையம் காத்திருக்கிறது, நிலையத்துக்காக வாயு காத்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் வாயுவை விட்டுக்கொடுக்க முடியாது. பின்னேரம் ஆறரை மணிக்குக் கொழும்பு முழுக்க லைட்டும் ரைஸ் குக்கரும் ஏசியும் ஒன்றாகப் போடும்போது, வாயு நிலையத்தை முடுக்கிவிட்டால் உடனே மின்சாரம் வரும். காற்றிடம் அப்படிக் கட்டளை போட முடியாது. ஆனால் இன்றைக்கே தொடங்கினாலும் பத்து வருடத்துக்குக் குறையாத வேலை. பெற்றோலியம் முழுக்க முழுக்க மத்திய அரசின் கையில் என்பதால், மன்னாருக்கு அதிலிருந்து சட்டப்படி கிடைக்கப்போவது பூச்சியம்.

மணலுக்கு வருவோம். திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையில் 1950களின் கடைசியிலிருந்து அரசாங்கமே கனிம மணல் எடுக்கிறது. இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் எல்லாம் பிரித்தெடுத்துக் கப்பலில் ஏறுகின்றன. அதிலிருந்து டைட்டேனியம் டையொக்சைட் செய்யும் ஆலை இன்றுவரை இங்கே இல்லை. பெயின்டுக்கு வெள்ளை நிறம் கொடுப்பது அந்தப் பொருள்தான். மணல் போகிறது, அதே சரக்கை வேறு தேசத்திலிருந்து காசு கொடுத்து வாங்கிப் புறக்கோட்டைக் கடைகளில் பெயின்டாக விற்கிறோம். அறுபது வருடத்துக்கு மேலாக இதுதான் வியாபாரம்.

மன்னார் தீவில் அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான டைட்டேனியம் சாண்ட்ஸ் என்ற கம்பனி பல வருடமாகத் துளையிட்டுப் படிவைக் கணக்கெடுத்திருக்கிறது. புல்மோட்டைக்கும் தீவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தீவு கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயரவில்லை. அங்கே குடிதண்ணீர் என்பது மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் மழைநீர். மேலேயுள்ள மணலைச் சில மீற்றர் எடுத்துவிட்டால் அந்தப் படையைத் தாங்குவதற்கு எதுவுமில்லை. கிணறு உவராகும், பனையும் தென்னையும் பின்னால் போகும். திரும்ப மணலைக் கொட்டி நிரப்புவோம் என்று கம்பனிகள் சொல்லும். மணலை நிரப்பலாம். மழைநீர் படை எப்போது திரும்பிச் சேரும் என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவது? மூன்றில் மணலுக்குத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்பேன்.

மீதி காற்று. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் உண்மையான காசும் உண்மையான சண்டையும் இதில்தான்.

தீவின் தெற்குக் கரையில் தம்பபவனி நிற்கிறது. மின்சார சபையின் சொந்தக் காற்றாலை, ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் கட்டியது, 2020 டிசம்பரில் திறந்தது. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 30 காற்றாடி, 103.5 மெகாவாட். மன்னார் காற்றின் தரத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை. வைகாசியில் சோளகம் என்ற தென்மேல் காற்று தொடங்கினால் புரட்டாதி வரை காற்றாடிக்கு ஓய்வில்லை. மார்கழி, தையில் வாடையும் கைகொடுக்கும். சிக்கல் மாசி, பங்குனியில். அப்போதுதான் மலையகத்து நீர்த்தேக்கங்கள் வற்றத் தொடங்கும், காற்றும் படுத்துவிடும். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் நின்றபோது வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஜெனரேட்டர் புகையோடு இருந்தவர்களுக்கு அந்த மாதங்களின் அருமை தெரியும். டீசல் வாங்க டொலர் இல்லாததுதான் அப்போது காரணம் என்றாலும், மன்னார் காற்றாலை இருந்தும் அந்த வாரத்தில் அது நம்மைக் காப்பாற்றவில்லை.

காற்றையும் சூரியனையும் கூட்டிக்கொண்டே போகலாம் என்பவர்கள் 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமையையும் நினைவில் வைக்கவேண்டும். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு, நாடு முழுக்க இருட்டு. குரங்கைப் பற்றிப் பகிடி விட்டு ஓய்ந்தோம். தேவை குறைந்த ஞாயிறு பகலில் கூரை சோலார் நிறைய ஓடிக்கொண்டிருந்ததால் வலையமைப்பு ஒரு சின்ன அதிர்ச்சியைக் கூடத் தாங்கவில்லை என்பதுதான் உள்விஷயம். பற்றரியும், சட்டென்று முடுக்கக்கூடிய நிலையமும் பக்கத்தில் இல்லாமல் காற்றை மட்டும் பெருக்குவது பாதி வேலை.

விலை என்று பார்த்தால் காற்று இப்போது எல்லாவற்றையும் அடித்துவிடும். அதானி கம்பனி மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்குக் கேட்டது. 2024-இல் அலகுக்கு 8.26 டொலர் சதம் என்று அமைச்சரவை ஒப்புக்கொண்டது. கேள்விப்பத்திரப் போட்டி இல்லாத திட்டம் அது. உயர் நீதிமன்றத்தில் வழக்குகள், ஆட்சி மாற்றம், விலையைக் குறைக்கச் சொல்லி மறுபேச்சு. கடைசியில் 2025 பெப்ரவரியில் கம்பனி விலகியது. அதே மன்னாரில் 50 மெகாவாட் திட்டம் ஒன்று போட்டி விலைமனுவில் 4.65 டொலர் சதத்துக்குப் போனது. இரண்டின் அளவும் நிபந்தனையும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் ஏறக்குறைய பாதி விலை என்பது சும்மா தள்ளிவிடக்கூடிய வித்தியாசமில்லை. அதானி போனதால் நாடு கெட்டது என்று கொழும்பு வியாபார வட்டாரத்தில் வடித்த கண்ணீருக்கு இது போதுமான பதில்.

அப்படியானால் 2025 ஓகஸ்டில் மன்னார் சனம் ஏன் தெருவில் இறங்கியது? காற்றாடி ஏற்றிவந்த லொறிகளை மறித்து, வாரக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தச் சொன்னார். செப்டெம்பர் கடைசியில் பொலிஸ் தள்ளுமுள்ளு, அடுத்து ஹர்த்தால். கொழும்பில் இதைக் கேட்டவர்கள், சுத்தமான மின்சாரத்தைக்கூட வேண்டாம் என்கிறார்களே என்று சலித்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த பேசாலைக்காரர் ஒருவர் புறக்கோட்டையில் கருவாடு மொத்த வியாபாரம் செய்கிறார். கட்டாக் கருவாட்டைத் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டே சொன்னார்: "காத்துக்கு நாங்க விரோதியில்லைத் தம்பி. தண்ணி ஓடுற பக்கமா றோட்டை உயத்திப் போட்டிட்டாங்கள். மாரிக்கு வீட்டுக்க வெள்ளம். மீனும் கரைக்கு வாறது குறைஞ்சு போச்சு எண்டு கரைவலைக்காரர் சொல்லுகினம். கேட்டா, ஆராய்ச்சி அறிக்கையில அப்பிடி இல்லையாம்."

மீன் குறைந்ததற்குக் காற்றாடிதான் காரணமா, இழுவைப் படகுகள் காரணமா என்று வாதாடலாம். வெள்ளம் வாதத்துக்கு அப்பாற்பட்டது. தட்டையான தீவில் உயர்த்திப் போட்ட பாதை தண்ணீரை மறிக்கும், இது பொறியியல் படிக்காதவனுக்கும் விளங்கும். இதோடு பறவைகளும் உண்டு. மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் பாதை தீவுக்கு மேலால்தான் போகிறது, வங்காலைச் சரணாலயம் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ள ராம்சர் இடம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என் முடிவு: காற்று சரி, தீவு பிழை. பூநகரி போன்ற பெருநிலப் பக்கத்தில் காற்று கொஞ்சம் குறைவு, நிலச் சிக்கல் வேறு மாதிரி. ஆனால் வெள்ளம் தேங்கினால் வாய்க்கால் வெட்ட இடமாவது இருக்கிறது.

இனி யாருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் மாகாண சபைக்கு மின் உற்பத்தி அதிகாரம் உண்டு. அடைப்புக்குள் ஒரு விலக்கு: நீர்மின்சாரமும், தேசிய வலையமைப்புக்கு ஊட்டும் மின்சாரமும் தவிர. அந்த இரண்டையும் கழித்தால் என்ன மிச்சம் என்று நீங்களே யோசியுங்கள். அந்த மிச்சத்தைக் கேட்கவும் சபை இல்லை. 2013-இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தலே வைக்கவில்லை. நம்முடைய சொந்தக்காரர் நிறைய இருக்கும் கனடாவில், அல்பேர்ட்டா மாகாணத்துக்கு 1930-இலேயே நிலத்தடி வளத்தின் உரிமை கையளிக்கப்பட்டது. 1976-இல் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனிச் சேமிப்பு நிதியும் அமைத்தார்கள். அவர்கள் இன்னும் ஒட்டாவாவோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படி ஒரு சண்டை பிடிக்கும் நிலை வந்தாலே எங்களுக்குப் பெரிய காரியம்.

அரசியலமைப்பைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வழி ஒன்று காற்றில் மட்டும் இருக்கிறது. மின்சாரம் மீற்றர் வழியாகத்தான் போகிறது, அலகு அலகாக எண்ணலாம். தம்பபவனி போன்ற ஒரு ஆலை தன் கொள்ளளவில் 40 சதவீதம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்குச் சுமார் 360 மில்லியன் அலகு. அலகுக்கு 50 சதம், டொலர் சதமில்லை, இலங்கைச் சதம், உள்ளூராட்சிக்கு என்று எழுதினால் வருடத்துக்கு 180 மில்லியன் ரூபாய். 2025 மேயில் தேர்தல் நடந்து பிரதேச சபைகளாவது உயிரோடு இருக்கின்றன. வாய்க்கால் வெட்டவும் இறங்குதுறை திருத்தவும் அது நல்ல காசு. கொழும்பு வீட்டு பில்லில் இது தெரியவே தெரியாது. மணலிலோ வாயுவிலோ இப்படி ஊர்க்காரன் எண்ணிச் சரிபார்க்கக்கூடிய கணக்கு கிடையாது.

இதற்கிடையில் 2025 ஏப்ரலில் இந்தியாவோடு மின்வலையமைப்பை இணைக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தமும் கைச்சாத்தானது. கேபிள் கரையேறும் இடமாகப் பேசப்படுவது மறுபடியும் மன்னார்தான். அது வந்தால் சோளகக் காலத்தின் மிச்ச மின்சாரம் இந்தியச் சந்தைக்குப் போகும், திட்டங்களின் அளவும் பெருகும். அப்போது பங்கு கேட்பதை விட, 50 மெகாவாட் அளவிலான அடுத்த கேள்விப்பத்திரத்திலேயே அந்த 50 சதத்தை ஒரு நிபந்தனையாக எழுதச் சொல்லி வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இப்போதே கேட்பது லேசு.