பெருக்கினாள், பெருக்கினான், பெருக்கியது: ரோபோவுடன் இரண்டு ஆண்டுகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்குத் தரை பெருக்கும் ரோபோ வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் விமர்சனங்கள் ஏராளமாகக் கிடைக்கும். இது வடிகட்டியில் கோலமாவு அடைத்து, பக்கத் தூரிகையை இரண்டு முறை மாற்றி, பேட்டரியும் சோர்ந்துபோன பிறகு எழுதுவது.

வீடு பழையது. சிவப்புச் சிமெண்டுத் தரை, அறைக்கு அறை நிலைப்படி. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரமிருந்தால் இதனால் ஏற முடியாது. கைக்குழந்தையைப் போல நாம்தான் தூக்கிப்போய் அடுத்த அறையில் விட வேண்டும். கூடத்தைப் பெருக்க இருபத்திரண்டு நிமிடம். வட்ட உடம்பு என்பதால் மூலைகள் மிஞ்சும். தலைமுடி உருளையில் சுற்றிக்கொள்ளும், வாரம் ஒருமுறை கத்தரிக்கோலோடு உட்கார வேண்டும். குறைகள் இவ்வளவுதான், நான் எழுத வந்தது அதன் குரலைப் பற்றி.

அது பேசுவது ஆங்கிலம். 'தூரிகையைச் சுத்தம் செய்யவும்' என்பது போலப் பத்துப் பதினைந்து வாக்கியங்கள். பெண் குரல். நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, பெட்டியிலிருந்தே அப்படித்தான் வந்தது. ஆனால் தமிழில் அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமென்றால் வினைமுற்றில் வந்து மாட்டிக்கொள்கிறோம். வந்ததா, வந்தாளா? இலக்கணப்படி அஃறிணை. மூன்றாம் நாளே குரல் இலக்கணத்தை வென்றுவிட்டது. "இதோ வந்துவிட்டாள்" என்றார் அத்தை.

வந்தவளுக்கு வசவும் கூடவே வந்தது. கட்டிலடியில் சிக்கினால் கவனம் போதாது. சார்ஜ் இறங்கித் தன் இடத்துக்குத் திரும்பினால் சோம்பேறி. பூசை அறை வாசலில் கறுப்புக் கல் பதித்திருக்கிறோம். அடியிலுள்ள அகச்சிவப்பு உணரி அனுப்பும் ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடுவதால், இயந்திரம் அதைப் பள்ளம் என்று எண்ணிப் பின்வாங்கும். அதைப் பார்த்து அத்தை, "பூசை அறைக்குள் வரக் கூடாத நாள் போலிருக்கிறது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது கொஞ்சம் உறுத்துகிறது.

பத்து மாதம் கழித்துக் கணவரின் பெரியப்பா வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், தெருவில் சொல்தா (பிரெஞ்சில் சிப்பாய்) வீடு என்றால்தான் தெரியும். செயலியைத் துழாவி பிரெஞ்சு ஆண் குரலைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டார். "ரொபோ ஆண்பால். பெண் குரல் எப்படிப் பொருந்தும்?" என்பது அவர் வாதம். மஷீன் என்று சொன்னால் மட்டும் பெண்பால், மேசையும் பெண்பால் என்று அவரே சேர்த்தும் சொன்னார். என் மகன் மேசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தைக்கு ஆங்கிலமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. குரல் தடித்தது மட்டும் காதில் விழுந்தது. மறுநாள் காலை, "பாவம், தனியாளாக எவ்வளவு வேலை செய்கிறான்!" என்றார். இருபது ஆண்டுகளாக இந்தக் கூடத்தைப் பெருக்கிய என் காதில் அந்தப் 'பாவம்' ஒருமுறைகூட விழுந்ததில்லை. அதே கறுப்புக் கல்லில் அதே பின்வாங்கல். "சாமி அறைக்குள் கண்டபடி நுழையக் கூடாது என்று தெரிந்துவைத்திருக்கிறான்" என்று இப்போது விளக்கம் வேறு.

கணவரும் மாறினார். முன்பெல்லாம் சிக்கிக்கொண்டால் என்னைக் கூப்பிடுவார். இப்போது அவரே திருப்புளியோடு தரையில் உட்கார்ந்து, பைக்கைப் பிரிப்பது போலப் பிரித்துத் துடைக்கிறார். அவளுக்கு இருந்தது கவனக்குறைவு. அவனுக்கு வருவது மோட்டார் கோளாறு. எனக்குச் சந்தேகம் வந்து செயலியிலிருந்த பழைய கணக்கைப் பார்த்தேன். கூடத்துக்கு அதே இருபத்திரண்டு நிமிடம். மாறியது பேட்டரி மட்டுமே, அதுவும் கீழ்நோக்கி. அதாவது, பாராட்டு பெற்ற காலத்தில்தான் வேலை குறைவு.

எங்கள் வீடு மட்டும் இப்படி இல்லை. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்க ஆய்வாளர் கிளிஃபோர்டு நாஸும் உடனிருந்தவர்களும் கணினியை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பேசவிட்டுச் சோதித்தார்கள். ஆண் குரலில் வந்த மதிப்பீட்டுக்குக் கனம் கூடியது. காதலும் உறவும் பெண் குரலுக்கு நன்றாகத் தெரியும் என்றும், கணினி விஷயம் ஆண் குரலுக்குத் தெரியும் என்றும் கேட்டவர்கள் நினைத்தார்கள். 2012இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வில் ஃப்ளோபி என்ற ரோபோவின் தலைமுடியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டினார்கள். நீள முடிக்குப் பெண்களின் வேலை பொருந்தும், குட்டை முடிக்கு ஆண்களின் வேலை பொருந்தும் என்று பார்த்தவர்கள் பிரித்துவிட்டார்கள். எங்கள் ரோபோவுக்குத் தலையே கிடையாது.

பள்ளியில் படித்த வழுவமைதி ஞாபகம் வந்தது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது வழுதான், ஆனாலும் ஏற்கலாம் என்பார்கள். உவப்பு (மகிழ்ச்சி), உயர்வு, சிறப்பு, செறல் (கோபம்), இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மாறலாம் என்கிறது நன்னூல். எங்கள் வீட்டில் பெண்பாலுக்குச் செறலும் இழிப்பும் போயின, உவப்பும் சிறப்பும் ஆண்பாலுக்கு வந்தன.

பாத்திரம் துலக்க வரும் அக்கா மட்டும் முதல் நாளிலிருந்து 'அது' என்றே சொல்லி வருகிறார். "மூலையை எனக்கு விட்டுவிட்டுப் போகிறது" என்பதே அவருடைய ஒரே விமர்சனம். நான் மேலே எழுதியதைவிடத் துல்லியமானது.

போன மாதம் மென்பொருளைப் புதுப்பித்தபோது குரல் தானாகவே பழைய ஆங்கிலப் பெண் குரலுக்குத் திரும்பிவிட்டது. பழையபடி கட்டிலடியில் சிக்கிக் குரல் கொடுத்தது. அத்தை எட்டிப் பார்த்தார். "இவள் எதற்கு மறுபடியும்? அந்தப் பையனையே வரச் சொல்."

பெரியப்பாவிடம் சொல்லி மாற்றிவிடலாம். எனக்குத்தான் இன்னும் மனம் வரவில்லை. இதற்கிடையில் மூன்றாவது பக்கத் தூரிகைக்கும் ஆர்டர் போட்டிருக்கிறேன்.