2000 மி.மீ. ஜூமும் சிங்காநல்லூர் குளமும்: நாலு வருடக் கணக்கு

2021 செப்டம்பரில் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினேன், 28,000 ரூபாய். லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத, 24 மி.மீ.யில் தொடங்கி 2000 மி.மீ. வரை நீளும் சூப்பர்ஜூம் வகை (மி.மீ. கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்). எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் இந்த வகைக் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய பொருந்தும். அன்றிலிருந்து பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோவை சிங்காநல்லூர் குளத்தங்கரையில்தான் அதற்கு வேலை.

குளத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நொய்யல் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து சேரும் பழைய குளம். 2017-இல் மாநகராட்சி இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. அழகான இடம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் வண்டி இரைச்சல், ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, காற்று திரும்பினால் சாக்கடை வாடை. ஆனால் பறவைக்கு நம் மூக்கு இல்லை. கூழைக்கடா, பாம்புத்தாரா, முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி என்று ஒரு காலையில் முப்பது நாற்பது வகை பார்த்துவிடலாம்.

முதல் மாதம் முழுக்க நிலாவைத்தான் எடுத்தேன். இந்தக் கேமரா வாங்கிய எவரும் அதைத்தான் செய்வார்கள், மறைத்து என்ன பயன். பரிசலில் மீன் பிடிக்கும் பெரியவர் ஒருவர்கூட, "ஏந்தம்பி, இதுல நிலாவெல்லாம் பக்கத்துல தெரியுங்களாமா?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மீன் தெரியுமா?" என்றார். தெரியாது.

சரி, பறவைக்கு வருவோம். முழு ஜூமில் வைத்தால் 100 மீட்டர் தள்ளி வெறும் 1.8 மீட்டர் அகலம்தான் கட்டத்துக்குள் விழும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற கொக்கை வ்யூஃபைண்டருக்குள் தேடினால் தண்ணீர், தண்ணீர், இன்னும் தண்ணீர். ஜூமைக் கொஞ்சம் பின்வாங்கிப் பறவையைப் பிடித்து, நடுவில் வைத்து, மெதுவாக உள்ளே போக வேண்டும். பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு, அழுத்திக்கொண்டிருக்கும்வரை ஜூம் பின்வாங்கும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். எட்டு மாதம் கழித்துத்தான் அது எதற்கு என்றே எனக்குப் புரிந்தது. வாங்குகிறவர்கள் முதல் நாளே அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

பறக்கிற பறவை? மறந்துவிடுங்கள். ஏழு படம் சடசடவென்று எடுத்ததும் கார்டில் எழுதி முடிக்கும்வரை கேமரா தூங்கிவிடும், அதற்குள் ஆலா தண்ணீரில் பாய்ந்து, மீனைத் தூக்கி, விழுங்கியும் முடித்திருக்கும். நாலு வருடத்தில் பறக்கும் படம் என்று வெளியே காட்டக்கூடியது என்னிடம் மூன்று இருக்கிறது, அதில் இரண்டு கூழைக்கடா, அது பஸ் மாதிரி நிதானமாக வருவதால்.

யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் இனிமேல்தான். இந்தக் கேமராவின் சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, சுண்டுவிரல் நகம் அளவுதான், பெரிய கேமராக்களின் ஃபுல்ஃப்ரேம் சென்சாரின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. முழு ஜூமில் வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையும் எஃப்/6.5-க்குச் சுருங்கிவிடும். அதனால் விடிகாலை ஆறு மணி வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (வெளிச்சக் குறைவை ஈடுகட்டக் கேமரா கூட்டும் அளவு) எகிறி, இறகெல்லாம் மாவு பிசைந்த மாதிரி வரும். சரி, வெயில் வரட்டும் என்று ஒன்பது மணிவரை காத்திருந்தால் அங்கே வேறொரு எதிரி: கானல். வெயில் ஏற ஏறத் தண்ணீருக்கு மேலே காற்று சூடாகி அலையத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த அலையை 2000 மி.மீ. பூதாகாரமாக்கிக் காட்டும். ஆறு மாதம் நான் ஃபோகஸ் பழுது என்றே நம்பினேன். சர்வீஸ் சென்டருக்கும் தூக்கிக்கொண்டு ஓடினேன், பார்ப்பதற்கே ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான், பழுது காற்றில் இருந்தது. ஸ்டாண்டு போட்டாலும், விலை உயர்ந்த லென்ஸ் போட்டாலும் இது தீராது. ஆக, குளிர்காலத்தில் ஏழுமணியிலிருந்து எட்டேகால்வரை, அவ்வளவுதான் எனக்கு ஒரு நாளின் படப்பிடிப்பு. மற்ற நேரத்தில் 30 மீட்டருக்குள் தானாக வந்து உட்காரும் மீன்கொத்தியோ மடையானோ கிடைத்தால் எடுப்பேன். தூரத்து வாத்துகளைத் தொடுவதே இல்லை.

கொக்கு வெள்ளை, பின்னணித் தண்ணீர் கறுப்பு. கேமராவை அதன் போக்கில் விட்டால் கொக்கின் மேல் சுண்ணாம்பு அடித்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, முக்காலிலிருந்து ஒரு ஸ்டாப்வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்) குறைத்து வைப்பேன். இந்த மாடலில் ரா ஃபைல் (பிறகு திருத்த வசதியான, சுருக்காத மூலப்பதிவு) கிடையாது, ஜேபெக் மட்டும்தான், அதனால் வெளுத்தது வெளுத்ததுதான், வீட்டுக்கு வந்து மீட்க வழியில்லை. நீர்க்காகத்துக்கு நேர் எதிர், கொஞ்சம் கூட்ட வேண்டும்.

ஆனாலும் இதை விற்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதே நீர்க்காகம்தான். சிறு நீர்க்காகம், கொண்டை நீர்க்காகம் இரண்டும் இங்கே ஒரே கட்டையில் உட்கார்ந்து சிறகு உலர்த்தும், இரண்டும் கறுப்பு, எதிர்வெளிச்சத்தில் எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு டிசம்பர் காலையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்றுக்குக் கண் பச்சைக்கல் பதித்த மாதிரி இருந்தது, அலகும் ஒல்லியாக நீண்டிருந்தது. அதுவரை இரண்டு வருடமாக எல்லாவற்றையும் சிறு நீர்க்காகம் என்றே ஈபேர்டில் (பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளம்) போட்டுக்கொண்டிருந்தேன்! பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் அப்படியே. சந்தேகத்தைத் தீர்க்கும் சாட்சியாக இந்தக் கேமராவுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு கொடுப்பேன். சுவரில் மாட்டும் படத்துக்கு நாற்பது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருடம் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்கண்ணாடி) பைனாகுலர் ஒன்று வாங்கினேன், 9,000 ரூபாய். அதற்குப் பிறகு கேமரா பைக்குள்ளேயே கிடக்கும் காலைகள் அதிகமாகிவிட்டன. அதே 100 மீட்டரில் பதின்மூன்று மீட்டர் அகலம் தெரிகிறது, நாமக்கோழிகள் சண்டை போடுவது, ஊசிவால் வாத்து தலைகுப்புற நின்று மேய்வது எல்லாம் முழுக்கதையாகக் கண்ணில் விழுகிறது. கானலும் எட்டு மடங்கில் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. பத்து மடங்கு வாங்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தினார்கள், கடையில் பிடித்துப் பார்த்தேன், என் கை நடுக்கத்துக்கு அது சரிப்படவில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் ஐ-ரிலீஃப் (முழுக் காட்சியும் தெரியக் கண்ணை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்ற தூரம்) 16 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள், நான் பார்க்காமல் வாங்கி ஓரம் தெரியாமல் அவதிப்படுகிறேன்.

சில்லறை விஷயங்கள்: ஒரு பேட்டரி ஒரு காலைக்குப் போதாது, நான் இரண்டு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கிறேன், இதுவரை பூஞ்சை இல்லை. ஜூம் நீளும்போது இப்போது லேசாகக் கரகரக்கிறது, கரைத் தூசியின் வேலை. ஸ்டாண்டு தூக்கிக்கொண்டு நடக்க அலுப்பாக இருந்ததால் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, நெல்லை நிரப்பித் தைத்து, கைப்பிடிச் சுவரில் அதன்மேல் கேமராவை வைக்கிறேன். செலவே இல்லாத, இருப்பதிலேயே உருப்படியான துணைக்கருவி அதுதான். போன ஐப்பசியில் எலி அதை ஒரு பக்கம் கடித்துக் குதறிவிட்டது. இப்போது மணல் போட்டுத் தைத்திருக்கிறேன், கனமாக இருக்கிறது, பரவாயில்லை.